கோடை மேய்ச்சலில் சினைப் பசுவிற்குப் புரதத் தீவனம்

பால் கறக்கும் பசுவிற்கு வேளை தவறாமல் பிண்ணாக்கும் தவிடும் வைக்கிறோம். அதே பசு சினை முற்றிப் பால் வற்றியதும், அதன் தீவனத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போய் மேய்ந்துவிட்டு வா" என்று ஓட்டி விடுகிறோம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆதனூர், படப்பை போன்ற ஊர்களில் இது பரவலான வழக்கமாக உள்ளது. கறவை இல்லாத மாட்டுக்குச் செலவு செய்வது வீண் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால், வயிற்றில் கன்று மிக வேகமாக வளர்வதும், அடுத்த ஈற்றுப் பாலுக்கு மடி தயாராவதும் இந்தப் பால் வற்றிய காலத்தில்தான். இக்காலத்தில் பசுவிற்குக் குறைவாகக் கிடைக்கும் சத்து புரதம். அதை எப்போது, எவ்வளவு, எதன் மூலம் கொடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மாதக் கணக்கு

நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக் கரையிலும் வரப்பிலும் பச்சைப் புல் தழைக்கிறது. அந்தப் பச்சையைத் தின்று உடல் தேறிய பசு பருவத்துக்கு வருகிறது; சினை ஊசி போடுகிறோம்; சினை பிடிக்கிறது. பசுவின் சினைக் காலம் ஏறத்தாழ 280 நாட்கள். நவம்பர் முதல் நாள் சினை பிடித்த பசு ஆகஸ்டு முதல் வாரத்தை ஒட்டி, அதாவது ஆடி மாதத்தில் கன்று ஈனும். அப்படியானால் சினையின் கடைசி மூன்று மாதங்கள் சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி, ஆனி, ஆடி ஆகிய மாதங்களில் விழுகின்றன. எருமைக்குச் சினைக் காலம் ஏறத்தாழ 310 நாட்கள். அதற்கும் கடைசி மாதங்கள் கோடையை ஒட்டியே வரும்.

கன்றின் பிறப்பு எடையில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. ஆக, வயிற்றுக் கன்றுக்கு அதிகச் சத்து வேண்டிய நேரமும், மேய்ச்சலில் மிகக் குறைந்த சத்து கிடைக்கும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பச்சை கண்ட காலத்தில் சினை பிடித்ததால் விளைந்த சங்கடம் இது. சினை ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, மூன்றாம் மாதம் கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்து கொண்டால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். தேதி தெரியாத மாட்டுக்குத் தீவனத் திட்டம் வகுப்பது கடினம்.

காய்ந்த புல்லில் என்ன குறைகிறது?

இளம் புல்லில் புரதம் போதிய அளவு இருக்கும். புல் கதிர் விட்டு விதை முற்றியதும் சத்து விதைக்குப் போய்விட, தண்டு நாராகிறது. மாசி, பங்குனியில் ஏரி உள்வாயில் காய்ந்து நிற்கும் புல்லிலும், சம்பா அறுத்த வயலில் நிற்கும் தாளிலும் புரதம் 3 முதல் 4 சதம் வரைதான் உள்ளது. வைக்கோலும் அப்படியே.

மாடு தின்னும் புல்லை முதலில் செரிப்பது மாடு அன்று. அதன் முதல் வயிற்றில் கோடிக் கணக்கில் வாழும் நுண்ணுயிர்களே நாரைச் சிதைக்கின்றன. அந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தழைச்சத்து வேண்டும். தீவனத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 7 சதமாவது புரதம் இருந்தால்தான் அவை சரியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் நார் சிதைவது மெதுவாகிறது. வயிற்றில் போனது வெளியேறாமல் அடைத்துக் கிடப்பதால் மாடு மேலும் தின்ன முடியாமல் நின்றுவிடுகிறது. எதிரே வைக்கோல் போர் இருந்தும் மாடு மெலிவது இதனால்தான். "தீனி போட்டாலும் தின்ன மாட்டேன் என்கிறது" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் குறை தீனியின் அளவில் இல்லை, புரதத்தில் உள்ளது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக் கூடம் தேவையில்லை. காலையில் சாணத்தைப் பாருங்கள். நல்ல தீவனம் தின்னும் மாட்டின் சாணம் இளகலாக, வட்டமாகப் படியும். புரதம் குறைந்த மாட்டின் சாணம் கெட்டியாக, அடுக்கடுக்காக விழும்; உடைத்துப் பார்த்தால் நீள நீளமான நார் செரிக்காமல் இருக்கும். வறட்டி தட்டுவதற்கு அது தோதாக இருக்கலாம். மாட்டுக்கு அது நல்ல அறிகுறி ஆகாது.

எனவே காய்ந்த மேய்ச்சலுக்குச் சிறிதளவு புரதம் சேர்த்தால் இரண்டு நன்மைகள் உண்டு. புரதம் நேரடியாகக் கிடைப்பது ஒன்று. அதுவரை செரிக்காமல் போன புல்லும் தாளும் செரித்து, மாடு கூடுதலாகத் தின்னத் தொடங்குவது மற்றொன்று. இரண்டாவதே பெரிய இலாபம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தின்பதற்குப் புல்லோ தாளோ வைக்கோலோ வயிறு நிறைய இருக்க வேண்டும். வேரோடு கடித்து மொட்டையாகிப் போன புறம்போக்கில் மாட்டை விட்டுவிட்டு, மாலையில் அரைக் கிலோ பிண்ணாக்கு மட்டும் வைத்தால் பயன் இல்லை. மேய்க்கால் நிலங்கள் மனைகளாகிவிட்ட நம் பகுதியில் இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மேய்ச்சல் போதாவிடில் வைக்கோல் 3, 4 கிலோவாவது கொட்டிலில் போட்டாக வேண்டும்.

பனிப் புல்லும் கோடைப் புல்லும்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மணற்குன்றுப் பகுதியில் இறைச்சி மாடுகளைக் குளிர்காலம் முழுவதும் திறந்த மேய்ச்சலிலேயே விடுகிறார்கள். நம் புல்லை வெயில் காய வைக்கிறது. அங்கே பனி காய வைக்கிறது. மாட்டின் வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கு டிசம்பர் முதல் பிப்ரவரி முடியச் சினைப் பசுக்களில் ஒரு பகுதிக்கு 42 சதப் புரதமுள்ள கட்டித் தீவனத்தை, நாளுக்கு 450 கிராம் என்ற கணக்கில், வாரம் மூன்று முறையாகப் பிரித்துக் கொடுத்தனர். மறு பகுதிக்குக் காய்ந்த புல் மட்டுமே. 2007-இல் வெளியான முடிவு கவனத்துக்குரியது. புரதம் பெற்ற தாய்களுக்குப் பிறந்த கிடேரிகளில் 93 சதம் சினை பிடித்தன. புரதம் பெறாத தாய்களின் கிடேரிகளில் 80 சதமே சினை பிடித்தன. கிடேரிகள் பிறந்த பின் இரு பிரிவும் ஒன்றாகவே வளர்க்கப்பட்டன. தாய் வயிற்றில் இருந்தபோது கிடைத்ததும் கிடைக்காததும் மகளின் சினை பிடிக்கும் திறன் வரை வந்திருக்கிறது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒத்த பழைய வழக்கம் ஒன்று உண்டு. காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லுடன் வெள்வேல் மரங்களையும் வளர்க்கிறார்கள். புல் காய்ந்த காலத்தில் உதிரும் வெள்வேலங்காய்களைக் காங்கயம் மாடுகள் பொறுக்கித் தின்கின்றன. காய்ந்த புல்லுக்குப் பயறு இனக் காய் துணை என்பதை அந்த உழவர்கள் எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள்.

எவ்வளவு தேவை?

300 கிலோ எடையுள்ள ஜெர்சி கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். இது நாளொன்றுக்கு உலர் எடையில் 6 முதல் 7 கிலோ வரை தின்னும். சினையின் ஆறு, ஏழாம் மாதங்களில் கறவை நின்றுவிட்ட நாட்டுப் பசுவுக்கும் முதல் சினைக் கிடேரிக்கும் நாளுக்குச் சுமார் 420 கிராம் புரதம் இருந்தால் சமாளிக்கலாம். காய்ந்த புல் 6 கிலோவில், 4 சதக் கணக்கில், 240 கிராம் கிடைக்கிறது. குறைவது 180 கிராம். கடலைப் பிண்ணாக்கில் 40 சதம் புரதம் உண்டு. அரைக் கிலோ வைத்தால் 200 கிராம் கிடைக்கும். கணக்கு நேராகிவிடும்.

எட்டாம் மாதம் தொடங்கியதும் தேவை 600 கிராமுக்கு மேல் உயரும். வயிற்றில் கன்று பெருத்து முதல் வயிற்றை நெருக்குவதால் மாடு தின்னும் அளவோ குறையத் தொடங்கும். எனவே சிறிய அளவில் அதிகச் சத்துள்ள தீவனம் தேவை. அரைக் கிலோ கடலைப் பிண்ணாக்குடன் அரிசித் தவிடு 1 கிலோவும் (120 கிராம் புரதம்), பச்சை அகத்திக் கீரை 2 கிலோவும் (சுமார் 100 கிராம் புரதம்) சேர்த்தால், மேய்ச்சலையும் கூட்டி 660 கிராம் வரும். தவிட்டிலிருந்து எரிசக்தியும், அகத்தியிலிருந்து வைட்டமின் 'ஏ'-வும் கூடவே கிடைக்கின்றன. நான்கைந்து மாதம் காய்ந்த தீவனமே தின்ற மாட்டில் வைட்டமின் 'ஏ' தீர்ந்துபோயிருக்கும். அதனால் கன்று பார்வைக் குறையுடனோ வலுவிழந்தோ பிறப்பதுண்டு. எனவே தினம் ஒரு கட்டுப் பச்சை எதுவாயினும் அவசியம். தாது உப்புக் கலவை 30 கிராமும், சாதாரண உப்பு 30 கிராமும் சேர்க்கவும்.

ஏழாம் மாதம் வரை கறக்கும் பசுவானால், பாலை வற்ற வைப்பதற்காக அடர் தீவனத்தைச் சில நாட்கள் நிறுத்துவது சரியே. மடி சுருங்கியதும், ஒரு வாரம் பத்து நாளில், மீண்டும் தொடங்க வேண்டும். நிறுத்தியதை நினைவில் வைத்திருந்து தொடங்குபவர்கள் குறைவு. பலருடைய மாடுகளில் அந்த நிறுத்தமே கன்று ஈனும் வரை நீண்டுவிடுகிறது.

"கறக்காத மாட்டுக்குப் பிண்ணாக்கு வைத்தால் யார் சார் காசு தருவார்கள்?" என்று அகரம்தென் பக்கத்தில் மாடு வளர்க்கும் ஓர் அம்மையார் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம். ஆறு, ஏழாம் மாதங்களின் 60 நாளுக்கும் அதன்பின் 70 நாளுக்குமாகப் பிண்ணாக்கு 65 கிலோ; தவிடு 70 கிலோ. பிண்ணாக்கு கிலோ 60 ரூபாய், தவிடு 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5,580 ரூபாய் ஆகிறது. ஈன்ற பின் உச்சக் கறவையில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈற்று முழுவதிலும் சுமார் 200 லிட்டர் குறையும் என்பது கறவை மாட்டுக் கணக்கில் பொதுவாகக் கொள்ளும் அளவு. லிட்டர் 35 ரூபாய் என்றாலும் 7,000 ரூபாய். எலும்பும் தோலுமாக ஈன்ற பசு மறுபடி பருவத்துக்கு வர மாதக் கணக்கில் தாமதிப்பதும், நோஞ்சான் கன்று இறந்தால் ஏற்படும் இழப்பும் இதற்கு மேல். அந்த அம்மையார் கணக்கை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "பாதி மாட்டுக்காவது வைத்துப் பார்க்கிறேன்" என்றார். அப்படிப் பார்ப்பதே நல்ல முறை.

எந்தப் பிண்ணாக்கு மலிவு?

கிலோ விலையைப் பார்த்து வாங்குவது தவறான வழி. புரதத்தின் விலையைப் பார்க்க வேண்டும். விலையைப் புரதச் சதத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஒரு கிலோ புரதத்தின் விலை கிடைக்கும். மேற்சொன்ன விலையில், கடலைப் பிண்ணாக்கில் ஒரு கிலோ புரதம் 150 ரூபாய். 12 சதப் புரதமுள்ள தவிட்டில் அதுவே 200 ரூபாய். தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 சதம்தான் புரதம். கிலோ 40 ரூபாய்க்குக் கிடைத்தாலும் புரதம் 200 ரூபாய் விழும். ஓடு நீக்காத பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் 22 சதம் வரை உண்டு. உங்கள் கடை விலையைப் போட்டு இதைச் செய்து பாருங்கள். மாதத்துக்கு மாதம் விடை மாறும்.

கடையில் விற்கும் கலப்புத் தீவனம் வாங்குபவர்கள் மூட்டையைப் படிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் வகையில் குறைந்தது 22 சதமும் இரண்டாம் வகையில் 20 சதமும் புரதம் இருக்க வேண்டும். இந்தச் சதம் தழைச்சத்தை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்வது. யூரியாவிலும் தழைச்சத்து உள்ளதால் அதுவும் புரதமாகவே கணக்கில் வரும். சினை மாட்டுக்கு யூரியா சேராத தீவனமா என்று கேட்டு வாங்குவது நலம்.

கடலைப் பிண்ணாக்கில் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. மழைக் காலத்தில் ஈரம் பட்டால் பூசணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். கறவை மாடானால் பாலிலும் இறங்கும். பச்சையோ கருமையோ படர்ந்த, மக்கல் வாடை வீசும் பிண்ணாக்கைச் சினை மாட்டுக்கு வைக்கவே கூடாது. கழுவி வெயிலில் காய வைத்தாலும் நஞ்சு போகாது. மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கவும். ஊற வைத்த பிண்ணாக்கைக் கோடையில் இரவு முழுவதும் விட்டால் புளித்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும்.

நாள்தோறும் கொட்டிலுக்கு வராத மந்தை மாடுகளுக்கு, நெப்ராஸ்காவில் செய்தது போல், வாரம் மூன்று முறை 1 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பிண்ணாக்கு வைக்கலாம். மாடு தன் இரத்தத்தில் சேரும் தழைச்சத்தின் ஒரு பகுதியை உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் முதல் வயிற்றுக்கே திருப்பி அனுப்புவதால், இடைப்பட்ட நாளில் நுண்ணுயிர்கள் பட்டினி கிடப்பதில்லை. பிண்ணாக்குக்கு மட்டுமே இது பொருந்தும். தவிட்டையும் யூரியாத் தீவனத்தையும் இப்படிச் சேர்த்து வைக்கக் கூடாது.

அருகில் கிடைப்பவை

நிலக்கடலைக் கொடியை விட மலிவான புரதம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து. இலை உதிராமல் காய்ந்த கொடியில் 10 சதத்துக்குக் குறையாத புரதம் உண்டு. 2 கிலோ கொடி அரைக் கிலோ பிண்ணாக்குக்கு ஈடாகும். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் மார்கழி, தையில் விதைத்த இறவைக் கடலை சித்திரையில் அறுவடைக்கு வரும்போது சொல்லி வைத்து வாங்கலாம். நிழலில் உலர்த்திப் போர் போட வேண்டும். வெயிலில் கிடந்து இலை உதிர்ந்த கொடி வெறும் குச்சிதான். உளுந்து, பச்சைப் பயறுக் கொடிகளும் நல்லவையே.

தூங்குமூஞ்சி மரத்தடியில் கோடையில் உதிரும் கருப்புக் காய்களை மாடுகள் விரும்பித் தின்கின்றன. அவற்றில் 12 முதல் 18 சதம் புரதம் உண்டு. சீமைக்கருவேல் காயும் இனிப்பானது, சத்துள்ளது. ஆனால் முழுக் காயாகத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தில் வந்து, போகும் இடமெல்லாம் முளைக்கும். இடித்தோ அரைத்தோ தீவனக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்க்கலாம். சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருப்பதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளவும். கிளிரிசிடியாவைப் புதுத் தழையாக மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கும். அரை நாள் வாட வைத்துப் போட்டால் பழகிக்கொள்ளும்.

கோயம்பேட்டிலிருந்து வரும் காலிபிளவர் இலை போன்ற கழிவுகளில் புரதம் இருந்தாலும் பெரும்பகுதி தண்ணீர். வைக்கோலுடன் கலந்து போடலாம். அழுகியதை ஒதுக்க வேண்டும்.

வைக்கோலுக்கு யூரியா ஊட்டம்

ஐந்தாறு மாடும், ஒரு போர் வைக்கோலும் உள்ளவர்களுக்கு இம்முறை ஏற்றது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முற்றும் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாதபடி பாலிதீன் தாளால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். யூரியாவிலிருந்து பிரியும் அம்மோனியா நாரை இளக்குகிறது. புரத அளவும் 7 சதத்துக்கு மேல் உயர்கிறது. எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டபின் போடவும். முதலில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது.

யூரியாவைத் தண்ணீர்த் தொட்டியிலோ தவிட்டிலோ நேரடியாகக் கலந்துவிடக் கூடாது. மாடு சில மணி நேரத்தில் இறந்துவிடும். வயிறு உப்பி, நுரை தள்ளி, உடல் நடுங்கினால் உடனே மருத்துவரை அழைத்து, அவர் வருமுன் வினிகரைக் குளிர்ந்த நீரில் கலந்து, புரையேறாமல் மெதுவாகப் புகட்டலாம். ஒன்றிரண்டு மாடு வைத்துள்ள வீட்டாருக்கு, குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் யூரியா மூட்டையும் மாடும் அருகருகே இருப்பதை நான் விரும்புவதில்லை. அவர்களுக்குப் பிண்ணாக்கே போதும். 1980-களில் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிய யூரியா, வெல்லப்பாகு, தாது உப்புக் கட்டி, மாடு நக்கி நக்கித் தின்பதால் ஓரளவு பாதுகாப்பானது. மழையில் நனைய விடாமலும், கடித்துத் தின்ன விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோறும் பிளாஸ்டிக்கும்

திருமண மண்டபங்களிலும் உணவகங்களிலும் மீந்த சோற்றை மாட்டுக்குக் கொட்டுவது புறநகரில் புண்ணியமாகவும் சிக்கனமாகவும் கருதப்படுகிறது. சோறு வெறும் மாவுச் சத்து. காய்ந்த புல் தின்னும் வயிற்றில் இது ஏராளமாக விழுந்தால் புளித்து அமிலமாகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களையே அழிக்கிறது. நாம் புரதம் கொடுத்து வளர்க்க நினைப்பது எந்த நுண்ணுயிர்களையோ, அவற்றையே சோறு கொல்கிறது. பொங்கலுக்கு மறுநாளும் விசேஷ நாட்களிலும் மாடு படுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சினை முற்றிய மாட்டில் இது கருச்சிதைவு வரை கொண்டு போகலாம்.

தெருவில் மேயும் சினை மாட்டுக்கு மற்றோர் ஆபத்து உண்டு. பிளாஸ்டிக் பை முதல் வயிற்றில் சேர்ந்து கட்டியாகிவிட்டால் எந்தப் புரதமும் பலிக்காது. கட்டடங்கள் எழும்பும் இடங்களில் கிடக்கும் ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் இரண்டாம் வயிற்றில் தங்குகின்றன. அதற்கு அடுத்து இருப்பது இதயம். சினை முற்றி வயிறு முன்னோக்கி நெருக்கும்போதும், ஈனும்போது முக்கும்போதும் அந்தக் கம்பி இதயத்தைக் குத்துவதுண்டு. கடைசி இரண்டு மாதமாவது மாட்டைத் தெருவில் விடாமல் கட்டிப் போடுங்கள்.

கன்று பெருத்துவிடுமா?

சினை மாட்டுக்கு நன்றாகத் தீனி வைத்தால் கன்று பெருத்து, ஈனும்போது அடைத்துக்கொள்ளும் என்ற அச்சம் பழையது. தாய் பட்டினி கிடந்தால் முதலில் கரைவது தாயின் சதை. கன்றின் எடை ஓரளவே குறையும். வலுவிழந்த தாய் முக்க முடியாமல் தவிப்பதுதான் பெரும்பாலும் நாம் காணும் சிக்கல். அளவுக்கு மேல் கொழுத்த மாடும் சிரமப்படும் என்பது உண்மையே. விலா எலும்பைத் தடவினால் தட்டுப்பட வேண்டும். தொலைவிலிருந்து எண்ணும்படி தெரியக் கூடாது. வால் அடியில் சிறு பள்ளம் இருக்கலாம். இந்தப் பதத்தில் ஈனும் பசு நல்ல பசு. இந்தப் பதத்துக்கு எட்டாம் மாதத்துக்கு முன்பே கொண்டுவர வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் அவசரமாகத் தீனியைக் கொட்டுவதால் வயிறு கெடுவதுதான் மிச்சம்.

பிறந்த கன்றின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் இல்லை. அது சீம்பாலில்தான் வருகிறது. புரதக் குறைவுள்ள தாயிடம் சீம்பால் குறைவாகவே சுரக்கும். நல்ல தீவனம் பெற்ற தாயானாலும், 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் போக வேண்டும். அதில் பாதி, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழும் வரை காத்திருந்து பால் ஊட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈன்ற பின் அடர் தீவனத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் கிலோ வீதம் உயர்த்தவும்.

அடுத்த கோடைக்கு

ஆடியில் அகத்தியை விதைத்தால் எட்டு மாதத்தில், அதாவது பங்குனியில், முதல் வெட்டுக்கு வரும். தழை தேவைப்படுவதும் அப்போதுதான். அதன்பின் 60 முதல் 80 நாளுக்கு ஒரு முறை வெட்டலாம். ஒரு மாட்டுக்கு ஐந்தாறு மரம் போதாது. வேலி நெடுக நட வேண்டும். வேலிமசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையை நான்கைந்து நிமிடம் இட்டு எடுத்து, பிறகு தண்ணீரில் ஓரிரவு ஊற வைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். கிளிரிசிடியாவுக்குப் போத்துகளைப் பருவமழை தொடங்குமுன் வேலியில் ஊன்றினால் போதும். தாம்பரம் வட்டாரத்து உழவர்களுக்குப் பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அருகிலேயே உள்ளது. தீவனப் பயிர்களின் நடவுப் பொருள்கள், தாது உப்புக் கலவை ஆகியவை பற்றி அங்கே விசாரித்து, ஆனி முடிவதற்குள் பதிவு செய்துகொள்வது நலம். ஆடி பிறந்ததும் அங்கே கூட்டம் கூடிவிடுகிறது.